சூரிய கிரகணத்தைப் பார்ப்பதும் படம் எடுப்பதும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணத்தின் பாதை திருகோணமலைக்கு மேலாகவே போனது. காலை 8 மணிக்குப் பிறகு தொடங்கி, 9.35ஐ ஒட்டிச் சூரியன் ஒரு வளையமாக நின்றது. வாழ்நாளில் ஒருமுறை வீட்டு வாசலுக்கே வந்த காட்சி அது. ஆனாலும் பல வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வேறு சிலர் எக்ஸ்ரே படத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்றார்கள். பயமும் துணிச்சலும் இரண்டுமே தவறான இடத்தில் இருந்தன.

அன்றிலிருந்து பாடசாலையிலும் ரியூசன் வாசலிலும் கடற்கரையிலும் என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

அடுத்த கிரகணம் எங்கட ஊருக்கு எப்ப சேர்?

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. அன்று முழுச் சூரிய கிரகணம் ஸ்பெயின், மொரோக்கோ, எகிப்து, சவூதி அரேபியா, யேமன் வழியாக வருகிறது. எகிப்தின் லக்சோர் பக்கம் 6 நிமிடத்துக்கும் மேல் சூரியன் முழுதாக மறைந்திருக்கும். எங்களுக்குப் பின்னேரம், சூரியன் மேற்கே சரியும் நேரத்தில், பகுதிக் கிரகணமாக மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு இங்கே பெரிதாகத் தெரியப்போவது 2031 மே 21, புதன்கிழமை. அது வளையக் கிரகணம். தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடக்குப் பகுதிக்கு மேலாகப் போகிறது. நண்பகல் கழிந்த நேரம், சூரியன் நல்ல உயரத்தில் இருக்கும். எங்கள் ஊரிலும் சூரியனின் பெரும் பகுதி மறையும். பாடசாலை நாளாக இருக்கக்கூடும் என்பதால் ஆசிரியர்கள் இப்போதே மனதில் குறித்து வைப்பது நல்லது.

அமாவாசையிலதான் கிரகணம் எண்டா, ஏன் எல்லா அமாவாசைக்கும் வாறதில்ல?

சந்திரன் பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் வருவது அமாவாசை அன்றுதான். ஆனால் சந்திரன் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறக்குறைய 5 பாகை சரிந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரனின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தவறிப் போய்விடும். மூன்றும் நேர்கோட்டில் வரும் அமாவாசையில் மட்டும் நிழல் பூமியில் விழும்.

சந்திரன் கொஞ்சம் தூரத்தில் இருக்கும்போது அதன் வட்டம் சூரியனை முழுதாக மூடப் போதாது. ஓரம் மிஞ்சி நிற்கும். அதுதான் 2019இல் நாங்கள் பார்த்த வளையம்.

கிரகண நேரத்துல சூரியன்ல இருந்து ஏதோ கெட்ட கதிர் வருமாமே?

இல்லை. கிரகணம் நடக்கும்போது சூரியனில் எந்த மாற்றமும் இல்லை. நேற்று வந்த அதே கதிர்தான் இன்றும் வருகிறது. சந்திரன் மறைப்பதால் அளவு குறைகிறது, அவ்வளவே. முற்றத்தில் நிற்பதாலோ, உடம்பில் வெயில் படுவதாலோ, கிணற்றுத் தண்ணீரில் வெயில் விழுவதாலோ புதிதாக ஒரு தீங்கும் வராது.

பிறகு ஏன் எச்சரிக்கை? மற்ற நாட்களில் சூரியனை நாங்கள் நேரே பார்ப்பதில்லை, கண் தானாகவே கூசித் திரும்பிவிடும். கிரகணத்தன்று பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கண்ணை விடாமல் வைத்திருக்கிறோம். வெளிச்சம் மங்கியதால் கூச்சமும் குறைகிறது, கண்மணியும் விரிகிறது. மிஞ்சியிருக்கும் சூரியத் துண்டோ பழைய உக்கிரத்தோடேயே இருக்கிறது. சூரியனில் நூறில் ஒரு பங்கு மட்டும் தெரிந்தாலும் அது பூரண சந்திரனைவிட ஏறக்குறைய 4000 மடங்கு பிரகாசம். ஆபத்து நேரே பார்ப்பதில் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளையைப் பூட்டி வைப்பது அதற்குப் பரிகாரமல்ல. சரியான முறையில் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் பரிகாரம்.

நோவு வந்தா உடன கண்ணை எடுத்திடலாம்தானே?

இந்தக் கேள்விதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது, ஏனென்றால் நோவு வராது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லை. கண்ணின் வில்லை சூரிய ஒளியைக் குவித்து, நாங்கள் எழுத்து வாசிக்கவும் முகம் அறியவும் பயன்படுத்தும் அந்த நடுப்புள்ளியிலேயே விழுத்துகிறது. அங்குள்ள கலங்கள் ஒளியால் சிதையும்போது பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, சிலருக்கு அடுத்த நாள் காலையில், புத்தகத்தைத் திறக்கும்போதுதான் நடுவில் எழுத்துகள் காணாமல் போயிருப்பது தெரியவரும்.

சிறுபிள்ளைகளின் கண் வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. அதனால் உள்ளே போகும் ஒளியும் கூட. அவர்கள் விடயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை.

கிரகணக் கண்ணாடி நல்லதா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? 2019இல வாங்கினது ஒண்டு அலுமாரிக்குள்ள கிடக்கு.

நல்ல கண்ணாடியில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற சர்வதேசத் தர எண்ணும், செய்தவர் பெயரும் அச்சிட்டிருக்கும். ஆனால் அந்த எண்ணை யாரும் எதிலும் அச்சிடலாம். எனவே கையிலும் சோதித்துப் பாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிப் பார்த்தால் எதுவுமே தெரியக்கூடாது. சுவர், யன்னல், எரிகிற மின்குமிழ் எல்லாம் இருட்டாக இருக்க வேண்டும். போனின் டோர்ச் வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்தால் மிக மங்கலான புள்ளி தெரியலாம், அது பரவாயில்லை. மேசை, கதிரை தெரிந்தால் அது கிரகணக் கண்ணாடியே அல்ல. இந்த வடிகட்டிகள் சூரிய ஒளியில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகின்றன.

பழைய கண்ணாடியைப் பழையது என்பதற்காகவே எறியத் தேவையில்லை. ஆனால் எங்கள் ஊர் உப்புக்காற்றும் ஈரமும் மட்டையை ஊதவைத்து, படலத்தை ஓரத்தில் கிளப்பிவிடும். டோர்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல நகர்த்துங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் ஓரிடத்தில் பளிச்சென்றாலும், கீறலோ மடிப்போ இருந்தாலும், வெட்டி எறிந்துவிடுங்கள். குப்பைக் கூடையில் முழுதாகப் போட்டால் இன்னொரு பிள்ளை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

போடும் முறையும் முக்கியம். நிலத்தைப் பார்த்தபடி கண்ணாடியைப் போட்டு, பிறகு நிமிர வேண்டும். கழற்றும்போது முதலில் குனிந்து, பிறகு கழற்ற வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றாமல் மேலே இதைப் போட்டுக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே படம், கூலிங் கிளாஸ், கரி பிடிச்ச கண்ணாடி, சிடி... இதுல எது பரவாயில்ல?

ஒன்றும் பரவாயில்லை. இவற்றில் சில வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும், அதனால் கூச்சம் இருக்காது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் மற்றதையும் தாராளமாக விடும். கூச்சமில்லாமல் அதிக நேரம் பார்க்க வைப்பதால் வெறுங்கண்ணைவிடவும் மோசமாகலாம். இரண்டு கூலிங் கிளாஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் இதே கதைதான்.

வெல்டிங் கடையில கண்ணாடி இருக்கே, அது?

14ஆம் இலக்கக் கண்ணாடி என்றால் பார்க்கலாம். 12, 13ஆம் இலக்கங்களும் பாதுகாப்பானவை என்றாலும் சூரியன் கண்ணுக்குக் கூச்சமாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், பட்டறைகளில் அன்றாடம் பாவிப்பது 10, 11 போன்ற இலக்கங்கள். அவை போதாது. கண்ணாடியின் மூலையில் இலக்கம் பொறித்திருக்கும், அதை வாசித்து உறுதிப்படுத்துங்கள். இலக்கம் இல்லாத துண்டை, கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும், எடுக்க வேண்டாம். தானாக இருளும் வெல்டிங் முகமூடியும் இதற்குச் சரிவராது. நல்ல இலக்கத்தில் சூரியன் பச்சையாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

அம்மம்மா தாம்பாளத்துல மஞ்சத் தண்ணி ஊத்தி அதுக்குள்ள பார்க்கச் சொல்றா. அது நல்லதுதானே?

அம்மம்மாவின் நோக்கம் சரி: நேரே பார்க்காதே என்பதுதான் அது. ஆனால் தண்ணீர் போதிய அளவு குறைப்பதில்லை. சூரியன் உயரத்தில் நிற்கும்போது தண்ணீர்ப் பரப்பு ஏறக்குறைய 2 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே சொன்ன வடிகட்டி விடும் அளவோடு ஒப்பிட்டால் அது 2000 மடங்கு. சூரியன் சரிந்திருந்தால் இன்னும் கூடத் திரும்பும். ஒளி தெறிப்பது தண்ணீரின் மேற்பரப்பில் என்பதால், மஞ்சள் கரைத்தாலும் சாணி கரைத்தாலும் அந்தத் தெறிப்பு அப்படியே இருக்கும்.

தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் இருந்து பார்க்கும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். அதைக் கைவிடத் தேவையில்லை. அடுத்த பதிலில் உள்ளபடி, தாம்பாளத்தில் தண்ணீருக்குப் பதில் வெள்ளைத் தாளை வைத்தால் போதும்.

காசு செலவழிக்காம, கண்ணாடி இல்லாம பார்க்க ஏலாதா?

ஏலும். எனக்கு மிகவும் பிடித்த முறையும் அதுதான். ஒரு மட்டையில் ஊசியால் சிறு துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியாக வரும் ஒளியை ஒரு வெள்ளைத் தாளில் விழுத்துங்கள். அங்கே விழும் வட்டம் துளையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். கிரகணம் ஏற ஏற அந்த வட்டம் கடிபட்டு, பிறையாகி, வளையப் பாதையில் நின்றால் வளையமாகும். தாளை 1 மீட்டர் தள்ளிப் பிடித்தால் படம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலம் வரும். 2 மீட்டர் என்றால் 18. தூரம் கூடக் கூடப் படம் பெருக்கும், ஆனால் மங்கும். படம் தலைகீழாக விழும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் பார்த்தவரோடு சண்டை பிடிப்பார்கள். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக்கூடாது. துளை ஒளிக்கு, கண் தாளுக்கு.

மட்டைகூட வேண்டாம். இடியப்ப உரலின் அச்சுத் தட்டை வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு சூரியனை விழுத்தும். மாவரிக்கும் அரிதட்டில் ஓட்டைகள் நெருக்கம் என்பதால் படங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அது அவ்வளவு சரிவராது. எல்லாவற்றையும்விட அழகு கிடுகுக் கூரை. பழைய கிடுகின் இடுக்குகளால் தரையில் விழும் வட்ட வெளிச்சங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அவை ஏன் எப்போதும் வட்டமாக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? இடுக்கு கோணல்மாணலாக இருந்தாலும், விழுவது சூரியனின் படம் என்பதால்தான் வட்டம். கிரகணத்தன்று அத்தனையும் பிறைகளாகிவிடும். இரண்டரை மீட்டர் உயரக் கூரை என்றால் ஒவ்வொரு பிறையும் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வேப்பமர நிழலிலும், வாகைமர நிழலிலும் இதே காட்சிதான். ஊன்றிப் பார்த்தால், மறைப்பு முன்னேறும்போது பிறையின் முனைகள் திசை மாறுவதும் தெரியும்.

ஒரு வகுப்புல நாற்பது பிள்ளையள். எல்லாருக்கும் ஒரே நேரத்துல காட்ட வழி இருக்கா?

இருக்கிறது. ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்து, அதன் மேல் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் ஓட்டை போட்ட கறுப்புத் தாளை ஒட்டுங்கள். வெளியே கதிரையில் வைத்து, தெறிக்கும் ஒளியை யன்னல் வழியாக இருட்டாக்கிய வகுப்பறைச் சுவரில் விழுத்துங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே 10 மீட்டர் இருந்தால் சூரியன் 9 சென்டிமீட்டர் அகலத்தில் சுவரில் நிற்கும். சூரியன் நகர்வதால் சில நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைத் திருத்த வேண்டும். அதற்கு ஒரு பெரியவர் வெளியே நிற்கட்டும். தெறித்த ஒளி எந்தப் பிள்ளையின் முகத்திலும் படாமல், தலைக்கு மேலாகப் போகும்படி உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிப் பெண்கள் வெளியில வரலாமா? சமைச்ச சாப்பாடு கெட்டுப்போகுமா?

மூன்றாவது கேள்விக்குச் சொன்னதுதான் இதற்கும். புதிய கதிர் எதுவும் இல்லாததால் வயிற்றில் உள்ள பிள்ளைக்கோ சோற்றுக்கோ ஒன்றும் ஆகாது. கர்ப்பிணி ஒருவரை மணிக்கணக்கில் தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் அறைக்குள் வைப்பதுதான் உண்மையான கெடுதல். நீரிழிவு மருந்து எடுப்பவர்களும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

வழிபாடு வேறு விடயம். கோயில்களில் கிரகண நேரம் நடை சாத்துவதும், முடிந்ததும் முழுகிவிட்டு வருவதும் அவரவர் நம்பிக்கை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடக்கும். நபிகளாரின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் வந்தபோது, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவை மறைவதில்லை என்று அவர் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. தொழுதுவிட்டோ கும்பிட்டுவிட்டோ வந்து வானத்தைப் பார்ப்பதில் எந்த முரணும் இல்லை.

எங்கட அப்பப்பா 1955இல வெறுங்கண்ணால பார்த்தவராம். அவருக்கு ஒண்டும் நடக்கேல்லையே?

1955 ஜூன் 20ஆம் தேதி இலங்கைக்கு மேலாகப் போனது முழுச் சூரிய கிரகணம். 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழு மறைப்பு அதுதான். கூடியபட்சம் 7 நிமிடம் 8 விநாடி, பிலிப்பைன்ஸ் பக்கத்தில். சூரியன் முழுதாக, ஒரு கீற்றுக்கூட இல்லாமல் மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். அப்பப்பா பார்த்தது அந்தக் கட்டமாக இருக்கலாம்.

வளையக் கிரகணத்திலும் பகுதிக் கிரகணத்திலும் அப்படியொரு கட்டமே இல்லை. 2019இல் உச்சத்திலும் சூரியப் பரப்பில் ஏறக்குறைய 6 சதவீதம் வெளியே தெரிந்தது. 2027இலும் 2031இலும் திருகோணமலையில் முழு மறைப்பு இல்லாததால், தொடக்கம் முதல் முடிவுவரை கண்ணாடியைக் கழற்றக்கூடாது.

கிரகணத்தால சுனாமி வருமா? 2019இல கிரகணம் வந்ததும் டிசம்பர் 26தான், அதனாலதான் கேக்கிறன்.

அந்தத் தேதியைக் கேட்டாலே எங்கள் கரையில் நெஞ்சு பதறும். அதனால் இதைச் சிறு கேள்வியாக நான் எடுப்பதில்லை. 2004இல் சுனாமி வந்தது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நடந்த 9.1 அளவு நிலநடுக்கத்தால். அன்று பௌர்ணமி, போயா தினம். இரண்டாவது கேள்வியில் சொன்னபடி சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நடக்கும். ஆகவே 2004இன் அந்த நாளில் சூரிய கிரகணம் நடந்திருக்கவே முடியாது. 2019இல் ஒத்துவந்தது தேதி மட்டும்.

எல்லா அமாவாசைக்கும் போலக் கிரகணத்தன்றும் வற்றும் பெருக்கும் கொஞ்சம் கூடும். திருகோணமலையில் அந்த ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்கும் குறைவு. சுனாமி எச்சரிக்கை வந்தால் கிரகணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே மேட்டுக்குப் போங்கள்.

நாங்க அந்த நேரம் போட்டில இருப்பம். கடல்ல என்ன செய்யிறது?

கிரகணக் கண்ணாடி போட்டால் சூரியனைத் தவிர ஒன்றும் தெரியாது. எனவே எஞ்சின் பிடிப்பவர் போடவே கூடாது. ஓட்டத்தை நிறுத்தி, ஒருவர் மாறி ஒருவர் இருந்தபடி பாருங்கள். கடல் மேற்பரப்பில் தெறிக்கும் சூரியனையும் உற்றுப் பார்க்க வேண்டாம், தாம்பாளத்துக்குச் சொன்ன கணக்கு அங்கும் பொருந்தும்.

போன்ல எடுக்கலாமா? போன் பழுதாகுமா, கண் பழுதாகுமா?

போன் திரையைப் பார்ப்பதால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. குறி பார்க்கும்போது கண் திரையின் ஓரத்தைத் தாண்டி நேரே சூரியனில் போய் நிற்பதுதான் ஆபத்து. செல்ஃபிக்காகத் திரும்பி நின்றாலும், போனின் கண்ணாடி முகப்பில் சூரியன் தெறித்துக் கண்ணில் விழும். எனவே படம் எடுப்பவரும் கிரகணக் கண்ணாடி போட்டே போனைத் திசைப்படுத்தட்டும்.

சூரியனையே எடுக்க விரும்பினால் இன்னொரு கிரகணக் கண்ணாடியின் படலத்தை லென்ஸுக்கு முன்னால் ஒட்டுங்கள். இப்போதைய போன்களில் மூன்று நான்கு லென்ஸ் இருக்கின்றன. சூம் செய்யும்போது போன் தானாக ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். அதனால் எல்லாவற்றையும் மூடும்படி ஒட்டுங்கள். சுற்றிலும் கறுப்பாக இருப்பதால் போன் வெளிச்சத்தைக் கூட்டிச் சூரியனை வெறும் வெள்ளைக் குமிழாக்கிவிடும். திரையில் சூரியன் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். விளிம்பு கூர்மையாகும்வரை இழுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் சூரியன் சிறிய பொட்டாகத்தான் வரும். போன் வைத்திருப்பவர்களுக்கு என் ஆலோசனை, கிடுகு நிழலில் விழும் பிறைகளை எடுங்கள். பில்டர் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து இல்லை, ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் நூறு பிறைகள் விழுந்திருக்கும் படம் வேறு யாரிடமும் இராது.

பெரிய கமராவும் 300 மி.மீ. லென்ஸும் இருக்கு. எப்பிடி செட் பண்றது?

முதலில் சூரிய பில்டர், அதுவும் லென்ஸின் முன்முனையில். கண் வைக்கும் பக்கத்தில் திருகும் சின்னப் பில்டர்கள் குவிந்த வெப்பத்தில் வெடிக்கும். பழைய தொலைநோக்கிகளோடு அவை வந்திருந்தால் எடுத்து எறியுங்கள். ஒளியை மறைக்கும் அடர்த்தியைப் பொறுத்து பில்டர் படலங்களில் இரண்டு வகை உண்டு. அடர்த்தி 5 உள்ளது கண்ணுக்கும் கமராவுக்கும் ஏற்றது. அடர்த்தி 3.8 உள்ளது படம் எடுக்க மட்டும். அதைப் பூட்டியபின் வியூஃபைண்டரில் கண்ணை வைக்கக்கூடாது. காட்சிப் படங்களுக்குப் பாவிக்கும் என்.டி. பில்டரும் கண்ணுக்குப் பாதுகாப்பல்ல. பில்டர் இல்லாத லென்ஸைச் சூரியனுக்கு நேரே வைத்தால் உள்ளே ஷட்டரும் சென்சரும் எரியும்.

சென்சரில் விழும் சூரியனின் அளவு, லென்ஸின் குவியத் தூரத்தை 109ஆல் வகுத்தால் வருவது. 300 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 2.75 மி.மீ., 1000 மி.மீ.இல் 9 மி.மீ. தொடக்கமாக ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, விநாடியில் 500இல் ஒரு பங்கு என்று வைத்து, அங்கிருந்து மேலும் கீழும் சில படங்கள் எடுத்துப் பாருங்கள். முதல்நாள் சாதாரண வெயிலிலேயே பரீட்சித்துச் சரியான அளவைக் குறித்து வையுங்கள், சூரியனின் பிரகாசம் அதேதான். ஆனால் கிரகணம் ஆழமாகி மெல்லிய பிறை மிஞ்சும்போது கொஞ்சம் கூட்ட வேண்டும், ஏனென்றால் சூரியனின் விளிம்பு நடுவைவிட மங்கல்.

குவியத்தைக் கையால் வையுங்கள். சூரியப் புள்ளி ஒன்று இருந்தால் அதில், இல்லையென்றால் விளிம்பில், திரையைப் பெருப்பித்துப் பார்த்துக் கூர்மையாக்கி, லென்ஸின் குவிய வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். வெயிலில் லென்ஸ் சூடேறினால் குவியம் நகரும். அரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். 2027உம் 2031உம் கச்சான் காற்றுக் காலத்தில் வருகின்றன. அந்தக் காற்று ட்ரைபொட்டையும் ஆட்டும், பில்டரையும் பிடுங்கும். ட்ரைபொட்டின் நடுவில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிடுங்கள், பில்டரைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பில்டர் பறந்த அந்த நொடியில் யாரும் வியூஃபைண்டரில் கண் வைத்திருக்கக்கூடாது என்பதால், பின்திரையில் மட்டும் பார்த்து எடுப்பதே நல்லது.

கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரால பார்த்தா இன்னும் பெரிசாத் தெரியும்தானே?

ஒருபோதும் செய்யாதீர்கள். பைனாகுலர் உங்கள் கண்மணியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதல் ஒளியைச் சேர்த்து ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தக் குவிந்த ஒளி கிரகணக் கண்ணாடியின் படலத்தை ஓட்டையாக்கிக்கொண்டு கண்ணுக்குள் போகும். பில்டர் பைனாகுலரின் முன்பக்கம், இரண்டு குழலிலும் பூட்டப்பட வேண்டும். தொலைநோக்கி என்றால் அதோடு இருக்கும் சின்னக் குறிபார்க்கும் குழலையும் மூடிவிடுங்கள். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

திருகோணமலையில எங்க நிண்டு பார்க்கிறது நல்லம்?

கிரகணம் நடக்கும் நேரத்தைப் பொறுத்தது. 2016 மார்ச் 9இல் சூரியன் கடலிலிருந்து எழும்போதே கடிபட்டு எழுந்தது. அதற்கு டச்சுக் குடா, உப்புவெளி, நிலாவெளிக் கரை எல்லாமே தோதான இடங்கள். 2027 நேர் எதிர். பின்னேரச் சூரியன் மேற்கில் இருக்கும், கிழக்குப் பார்த்த கடற்கரையில் தென்னைகளும் ஹோட்டல்களும் உங்கள் முதுகுப் பக்கத்தில் அதை மறைத்துவிடும். அன்றைக்கு உட்துறைமுகப் பக்கம் போங்கள், தண்ணீருக்கு மேலாக மேற்கு வானம் திறந்திருக்கும். சில நாள் முன்னதாக அதே நேரத்தில் போய், சூரியன் எந்த மரத்துக்குப் பின்னால் போகிறது என்று பார்த்து வந்தால் இன்னும் நல்லது.

சூரியன் சிவந்து தாழும்போதும் கண்ணாடியைக் கழற்றும் ஆசை வரும். வேண்டாம், தூசு விலகிய ஒரு கணத்தில் பிரகாசம் பல மடங்காகும். 2031இல் சூரியன் தலைக்கு மேல் என்பதால் இடம் ஒரு பொருட்டில்லை. மைதானமோ முற்றமோ போதும், ஆனால் தொப்பியும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும்.

முகில் வந்து மூடினா? மெல்லிய முகிலுக்குள்ளால கண்ணாடி இல்லாமப் பார்க்கலாமா?

பார்க்கக்கூடாது. மெல்லிய முகில் ஒரே சீரான வடிகட்டி அல்ல, ஓடிக்கொண்டே இருக்கும். கமராவில் முகில் வரும்போது ஷட்டர் நேரத்தைக் கூட்டலாம், பில்டரைக் கழற்றக்கூடாது. முழுதாக மூடினாலும் வெளியிலேயே நில்லுங்கள்: கிரகணம் ஆழமானால் வெளிச்சம் ஈய நிறமாகும், காற்றில் ஒரு குளிர்ச்சி வரும். கோட்டைக்குள் திரியும் மான்களும் காகங்களும் என்ன செய்கின்றன என்று கவனித்துக் குறிப்பெடுக்கலாம்.

சொன்னதைக் கேக்காமப் பார்த்திட்டன். இப்ப கண்ணுக்கு நடுவுல ஒரு புள்ளி நிக்குது. என்ன செய்ய?

பயந்து மறைக்காதீர்கள், பிள்ளை சொன்னால் ஏசாதீர்கள். ஒவ்வொரு கண்ணாக மூடி, கோடு போட்ட கொப்பித் தாளைப் பாருங்கள். கோடு வளைந்தாலோ, நடுவில் எழுத்து மறைந்தாலோ, நிறம் மாறித் தெரிந்தாலோ அடுத்த நாளே வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போய், சூரியனைப் பார்த்தேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதைக் குணமாக்கும் நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. பலருக்கு வாரங்கள், மாதங்களில் பார்வை பெரும்பாலும் திரும்பும், சிலருக்கு அந்தப் புள்ளி நிரந்தரமாகிவிடும். கடைச் சொட்டு மருந்தோ, முலைப்பாலோ, தேனோ கண்ணில் விட வேண்டாம். மற்றக் கண்ணையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் இரண்டாலும்தான் பார்த்திருப்பார்கள்.